பூச்சி என்றால் திரும்பும் குழந்தை

எங்கள் விடுதியில் துணி துவைப்பவளை எல்லோரும் மாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சலவை அறை மொட்டைமாடியில் இருக்கிறது. காலையில் ஏறினால் சாப்பாட்டுக்கு மட்டும் இறங்குவாள். ஒடிசலான உடம்பு. ஆனால் ஈரப் படுக்கை விரிப்பை ஒரே உதறலில் விரித்துக் கொடியில் போடுவாள். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும், கேட்கிறவர்களுக்கு.

இது காது கேளாத குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் விடுதி. நான் இதன் வார்டன், எல்லோருக்கும் பெரியம்மா. அறுவை சிகிச்சை செய்து காதுக்குள்ளே ஒரு கருவியை வைப்பார்கள். வெளியே, காதுக்குப் பின்னால், ஒரு சின்ன மெஷின். அதிலிருந்து வரும் வட்டமான வில்லை காந்தத்தால் மண்டையில் ஒட்டிக்கொள்ளும். மாட்டிய அன்றே பிள்ளை பேசிவிடும் என்ற நினைப்பில்தான் பெற்றவர்கள் வருகிறார்கள். சத்தம் என்று ஒன்று இருப்பதையே பிள்ளை அன்றுதான் அறிகிறது என்று நாங்கள் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. கேட்கப் பழகும்வரை தாயும் பிள்ளையும் இங்கே தங்கலாம். இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். தாய் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது தண்ணீர் ஊற்றுவதைச் சொல்ல வேண்டும், தலை வாரும்போது சீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் ஓயாமல் ஒழுகுவது இரண்டு, சமையலறைக் குழாயும் அம்மாக்களின் வாயும் என்று பயிற்சி டீச்சர் கிண்டல் செய்வாள்.

மாடியக்காவும் அப்படி ஒரு அம்மாவாகத்தான் முதலில் வந்தாள். மகளைப் பூச்சி என்று கூப்பிடுவாள். தரையிலேயே ஊர்ந்து கிடக்கும், எதையாவது பொறுக்கி வாயில் போடும், அதனால் அந்தப் பேர். நன்றாகக் கேட்கப் பழகிய குழந்தை. பயிற்சி முடிந்து ஊருக்குப் போனார்கள். அங்கே ஒரு காய்ச்சல் வந்து குழந்தை போய்விட்டது. மெஷினுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அவள் தனியாக வந்தாள். கைக்குட்டையில் சுற்றிய மெஷினை என் மேஜைமேல் வைத்தாள்.

"வேற புள்ளைக்கு ஆகும்ல, பெரியம்மா?"

"ஆகும்."

"இங்க ஏதாவது வேலை இருக்கா?"

துவைக்க ஆள் இல்லாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்த நேரம். அன்றைக்கே மாடிக்கு அனுப்பிவிட்டேன். ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது முகத்திலேயே தெரிந்தது. நன்றாக வேலை செய்தாள். வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். இங்கே பழகிய அம்மாக்கள் ஊருக்குப் போன பிறகும் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதாகக் கடிதம் போடுவார்கள். அதனால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பூச்சியின் மெஷின் அலமாரிக்குப் போனது. அப்படித் திரும்பி வந்த மெஷின்கள் சில எங்களிடம் உண்டு. ஏதாவது ஒரு குழந்தையின் மெஷின் பழுதானால், அலமாரியில் இருப்பதை எடுத்து, அந்தக் குழந்தையின் காதுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் சரிசெய்து, இரவலாகக் கொடுப்போம். பழுது பார்த்து வரும்வரை பிள்ளை கேட்காமல் இருந்தால் பழகியதெல்லாம் போய்விடும்.

அப்படித்தான் அந்த மெஷின் தையல்காரியின் மகளிடம் வந்தது.

தையல்காரி வாய் திறக்காதவள். தைக்கும்போது உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே இருந்து பழகியவள். குழந்தை பிறந்ததிலிருந்து அதனோடு சைகையில்தான் எல்லாம். "பேசுங்கம்மா, சுவத்தைப் பார்த்தாவது பேசுங்க" என்று டீச்சர் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். தையல்காரி தலையை ஆட்டுவாள், பிறகு ஒரு வார்த்தை சொல்லுவாள், அதையும் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாள். குழந்தைக்கு மூன்று வயது இருக்கும். அதன் மெஷின் குளியல் வாளிக்குள் விழுந்து செத்தது. இரவல் மெஷினை மாட்டினோம்.

முதலில் டீச்சர்தான் கவனித்தாள்.

பயிற்சி அறை மேல்தளத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழே. சுவரெல்லாம் பஞ்சுத் தட்டிகள், தரையில் தடித்த விரிப்பு. உள்ளே போனால் நம் காலடியே நமக்குக் கேட்காது. அங்கே குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கன்னத்தில் ஒரு வளையத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சத்தம் கேட்டதும் அதைக் கம்பில் போட வேண்டும். அன்றைக்கு டீச்சர் என்னை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள்.

"பாருங்க பெரியம்மா. நான் எதுவுமே பண்ணப் போறதில்ல."

கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மூவரும் சும்மா இருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து வீடே அடங்கியிருந்த நேரம். குழந்தை வளையத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ எதிர்பார்ப்பது போல உட்கார்ந்திருந்தது. பிறகு கண்கள் விரிந்தன. வளையத்தைக் கம்பில் போட்டது. அடுத்த வளையத்தை எடுத்தது. காத்திருந்தது. மறுபடியும் போட்டது. எங்கள் இருவர் முகத்தையும் அது பார்க்கவே இல்லை. நடுவில் ஒருமுறை, யாரோ வேடிக்கையாக ஏதோ சொன்னது போல, வாய் விட்டுச் சிரித்தது.

"குத்துமதிப்பா போடுறா" என்றாள் டீச்சர். ஆனால் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்படிப் போட்டா, கேக்குதா கேக்கலையான்னு நான் எப்படிச் சொல்றது? டாக்டர் வந்து பார்த்தா இடத்தை அடுத்த குழந்தைக்குக் குடுத்துடுவாரு."

அதுதான் இங்கே கவலை. வெளியே எத்தனையோ குடும்பங்கள் இடத்துக்காகக் காத்திருக்கின்றன. வாரக் கடைசியில் அறக்கட்டளையின் டாக்டர் வந்து பார்ப்பார். சீராகக் கேட்கிறது என்று காட்டாத குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வீட்டுக்குப் போனால் இந்தக் குழந்தையோடு பேசுகிறவர்கள் யாரும் இல்லை. மெஷின் ஒரு டப்பாவுக்குள் போய்விடும், அதன் பிறகு அந்தக் காது எதற்கும் உதவாது.

அடுத்து வார்த்தைகள் வந்தன. குழந்தை பொம்மையை இரண்டு கையாலும் முறுக்கி, "பிழி" என்றது. தாயின் ஈரத் தலைமுடியைத் தொட்டு, "ஈரம்" என்றது. மேல்துண்டின் இரண்டு முனையைப் பிடித்து ஓங்கி உதறியது.

"நீ சொல்லிக் குடுத்தியா?" என்று தையல்காரியைக் கேட்டேன்.

"இல்ல பெரியம்மா." அவள் முகம் வெளிறியிருந்தது. "இவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. யாருமே கூப்பிடாதப்போ திரும்புறா."

மறுநாள் சாப்பாட்டு அறையில் வரிசையாகப் பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தது. தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டது.

"பூச்சி" என்றது.

எனக்குக் கழுத்துக்குப் பின்னால் யாரோ ஈரத்துணியை வைத்தது போல இருந்தது. பேய், ஆவி என்று யாராவது வந்தால் நான் முதலில் தெர்மாமீட்டரைத்தான் எடுப்பேன். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியில் அப்படித்தான் பழகியிருக்கிறேன். குழந்தைக்கும் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. அந்தப் பேர் இந்த வீட்டில் எனக்கும் டீச்சருக்கும் மாடியக்காவுக்கும் மட்டுமே தெரியும். எங்களில் யாரும் அதை அந்தக் குழந்தையிடம் சொல்லவில்லை. மாடியக்கா குழந்தைகள் பக்கம் வருவதே கிடையாது. அவர்கள் சாப்பிட்டுப் போன பிறகுதான் இறங்குவாள்.

"யாரு பெரியம்மா பூச்சி?" தையல்காரி கேட்டாள்.

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "முன்னாடி இங்க இருந்த ஒரு குழந்தை."

"இப்ப எங்க இருக்கு?"

"தவறிடுச்சு."

அவள் மகளின் காதையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "இந்த மெஷின்?"

"அவளோடதுதான்."

தையல்காரி மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டாள். அன்று மாலை கணவனிடம் போனில் சொன்னாள். அவன் குரல் எதிர் அறைவரை கேட்டது. "செத்த புள்ளையோட காதை எம் புள்ளைக்கு மாட்டி வெச்சிருக்காங்களா? பெட்டியைக் கட்டு. டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

நான் அவளை என் அறைக்குக் கூப்பிட்டேன். "டாக்டர் வர்றவரைக்கும் இரு. நான் பக்கத்துல இருக்கும்போது மட்டும் மாட்டு. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

"பயமா இருக்கு."

"இருக்கட்டும். பயந்துக்கிட்டே மாட்டு."

மாட்டினாள். மறுநாள் மாடியக்கா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தாள். அன்றைக்குப் பயிற்சி அறையில் குழந்தை வளையத்தைக் கன்னத்தில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. கை வலித்து மாற்றிக்கொண்டது. டீச்சர் மேளத்தைத் தட்டினாள், கூப்பிட்டாள். குழந்தை அவளுக்காக இரண்டொரு வளையங்களைப் போட்டது. பிறகு தலையை உயர்த்தி விட்டத்தைப் பார்த்தது. உதடு பிதுங்கி அழத் தொடங்கியது.

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. அறைக்கு நேர்மேலே சலவை அறை.

மறுநாள் மேலே ஏறினேன். துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. முதுகைக் காட்டி நின்று தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது உறை. உள்ள வெளிய பிரட்டுறேன். ஈரம் போயிடுச்சா? போயிடுச்சு. பூச்சி, நீலம் எது? இதுதான் நீலம்." இயந்திரச் சத்தத்திலும் தெளிவாகக் கேட்டது. இங்கே அம்மாக்களுக்குச் சொல்லித்தருகிற அதே நிதானம், அதே இழுப்பு. பிறகு கையை நிறுத்தினாள். "பூச்சி எங்க? பூச்சி எங்க இருக்கா?" தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கீழே அந்தக் குழந்தை வளையத்தோடு தலையைச் சாய்த்திருந்ததே, அதே சாய்ப்பு.

நான் இயந்திரத்தை நிறுத்தினேன். அவள் திரும்பினாள். கை தானாகக் கழுத்துப் பக்கம் போய் எதையோ மூடிக்கொண்டது.

"முழங்காலுக்கு எண்ணெய் போடுங்க பெரியம்மா. இந்தப் படியெல்லாம் உங்களுக்கு ஆகாது."

"யார்கிட்ட பேசுற?"

"யார்கிட்டயும் இல்ல."

"கையை எடு."

எடுத்தாள். சட்டையில் குத்தியிருந்த சின்ன மைக். எனக்கு உடனே தெரிந்தது. ஒரு நன்கொடையாளர் பூச்சிக்கென்று தனியாகக் கொடுத்தது. தாய் அதை அணிந்து பேசினால் குரல் காற்றில் போக வேண்டியதே இல்லை. சுவரைத் தாண்டி, தளத்தைத் தாண்டி, நேராகக் குழந்தையின் மெஷினுக்குள் போய்விடும். மெஷினின் அடியில் நகத்தளவு ஒரு துண்டு அதை வாங்கிக்கொள்ளும். அலமாரியிலிருந்து எடுத்துச் சரிசெய்தபோது அந்தத் துண்டைப் பழைய மாடலின் ஒரு பாகம் என்று நினைத்து அப்படியே விட்டிருக்கிறார்கள். திருப்பித் தர வேண்டிய சாமான்களில் மைக் சேராததால் அதையும் யாரும் கேட்கவில்லை.

மைக்கில் ஒரு பச்சை விளக்கு ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்போதிலேர்ந்து பச்சையா இருக்கு?"

"கொஞ்ச நாளா."

"அதுக்கு முன்னாடி?"

"செகப்புல மினுக்கிட்டே கெடக்கும். அந்தப் பக்கம் மெஷின் இல்லைன்னா அப்படித்தானே." அவள் உறையை எடுத்து மடித்தாள். "பழக்கம் விடல. தினமும் சார்ஜ் போடுவேன், மாட்டிக்குவேன், பேசுவேன். அன்னைக்கு ஒரு சின்னச் சட்டையைக் காயப்போட்டுட்டு இருக்கேன், பச்சையாயிடுச்சு. அன்னைக்கு முழுக்க வாயை மூடவே இல்ல."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க காரணம் சொல்லிடுவீங்க."

சொன்னேன். கீழே இருக்கும் குழந்தையைப் பற்றி, அலமாரியைப் பற்றி, அந்த நகத்தளவுத் துண்டைப் பற்றி. அவள் மடித்துக்கொண்டே கேட்டாள். அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை.

"அந்தப் பக்கம் ஒரு காது இருக்குன்னு தெரிஞ்சுது" என்றாள். "யார் காதுன்னு நான் கேக்கல."

"அந்தக் குழந்தை தன்னைப் பூச்சின்னு சொல்லுது."

இதற்கு மட்டும் கை நின்றது.

"அது அம்மா பயந்துபோய்ப் பெட்டியைக் கட்டப் போறா. டாக்டர் இடத்தை எடுத்துடுவாரு. நான் இப்போ கீழ போறேன். போனதும் நீ கை தட்டச் சொல்லு. அப்புறம் மூக்கைத் தொடச் சொல்லு. வேற எதுவும் பேசாத."

கீழே டீச்சரையும் தையல்காரியையும் குழந்தையோடு உட்கார வைத்தேன். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றேன். பஞ்சுச் சுவர்களுக்குள் நாங்கள் காத்திருந்தோம். குழந்தை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று நூலை விட்டுவிட்டுக் கை தட்டியது. கொஞ்சம் பொறுத்து, ஆள்காட்டி விரலால் மூக்கைத் தொட்டது. காரணம் தெரிந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது. தையல்காரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். "அப்போ குத்துமதிப்பா போடல. அத்தனையும் கேட்டுத்தான் போட்டிருக்கா. நம்மளைவிட நல்லாக் கேக்குது இதுக்கு."

தையல்காரி சிரிக்கவில்லை. "இத்தனை நாளா எம் புள்ள வேற ஒருத்திக்குத் தலையாட்டிக்கிட்டு இருந்திருக்கா" என்றாள். எழுந்து மாடிப்படி ஏறினாள். ஏதாவது ஆகிவிடப்போகிறதே என்று நானும் பின்னால் போனேன்.

மாடியக்கா மைக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். தையல்காரி கையை நீட்டினாள்.

"குடுக்கா."

"குடுத்தா பேசுவியா?" மாடியக்கா கேட்டாள். "மென்னு முழுங்காம பேசணும். பிழியும்போது பிழியறதைச் சொல்லணும். நீ வாயை மூடிட்டு இருந்தா அதுக்கு அந்தப் பக்கம் இருட்டுதான். நான் மூடிக்கிட்டேன்னா உனக்குத்தான் நஷ்டம்."

"எனக்குப் பேச வராதுக்கா."

"எனக்கு மட்டும் வந்துச்சா? இவங்க திட்டித் திட்டித்தான் வந்துச்சு." என்னைக் காட்டினாள். "ஆரம்பத்துல நானும் எரும மாட்டுக்குக் கதை சொல்ற மாதிரிதான் நின்னேன்."

மைக்கைக் கொடுத்தாள். தையல்காரி அதைக் குத்திக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே, தன் மகளுக்குத் தான் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள். கீழே போய்ப் பார்த்தேன். குழந்தை திரும்பவில்லை. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். குழந்தை நிமிர்ந்து, யாருடைய குரல் இது என்று யோசிப்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி நூலைப் பிய்க்கத் தொடங்கியது. மேலே வந்து அப்படியே சொன்னேன்.

தையல்காரி மாடியக்காவைப் பார்த்தாள். என்ன கேட்கப்போகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. மாடியக்காவுக்கும் புரிந்தது. அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பார்த்தாள்.

"அதுக்குத்தான் திரும்புறாக்கா" என்றாள் தையல்காரி. "டாக்டர் முன்னாடி திரும்பலைன்னா அனுப்பிடுவாங்க. எங்க வீட்டுல இவளை ஒரு மூலையில உக்கார வெச்சுடுவாங்க. அந்தப் பேரை நான் கூப்பிட்டுக்கட்டுமா?"

மாடியக்கா ஒரு சட்டையைத் தேய்த்து முடித்தாள். அதை மடித்து வைத்தாள்.

"என் காதுல விழாம கூப்பிடு" என்றாள்.

தையல்காரி கற்றுக்கொண்டாள். மைக் இருந்ததால் உரக்கப் பேச வேண்டிய அவசியம் இல்லை. சட்டைக் கழுத்துக்குள் முகத்தைக் குனிந்துகொண்டு, உதடு அசைவது மட்டும் தெரியும்படி பேசினாள். நடைபாதையின் ஒரு முனையில் அவள் நிற்பாள், ஒரு சத்தமும் இருக்காது, மறுமுனையில் குழந்தை விளையாட்டை விட்டுவிட்டு எழுந்து அவளை நோக்கி ஓடும். புதிதாக வந்திருந்த ஓர் அம்மா இதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து தன் அறையை மாற்றித் தரச் சொன்னாள். மாற்றித் தரவில்லை. மைக்கைக் காட்டி விளக்கினேன். அப்படியும் அவள் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

டாக்டர் வந்த அன்று பயிற்சி அறையில் எல்லோரும் இருந்தோம். குழந்தை மேளத்துக்கு வளையம் போட்டது, மணிக்குப் போட்டது, டீச்சரின் குரலுக்குப் போட்டது. சத்தம் இல்லாதபோது வளையத்தைக் கன்னத்திலேயே வைத்திருந்தது. டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"அம்மா பின்னாடி போய் நின்னு கூப்பிடுங்க, பார்ப்போம்."

தையல்காரி கதவோரம் போய் நின்றாள். மேலே மாடியக்கா விரிப்புகளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சுச் சுவர்களையும் மீறி அந்த உதறல் லேசாக வந்துகொண்டிருந்தது. தையல்காரி குனிந்தாள். உதடுகள் அசைந்தன. பக்கத்தில் நின்ற எனக்கே எதுவும் கேட்கவில்லை.

குழந்தை திரும்பியது. முகமெல்லாம் சிரிப்பு.

அதே நொடியில் மேலே உதறல் நின்றது.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறா" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே எழுதினார். "நல்ல முன்னேற்றம். இங்கேயே தொடரட்டும்." என்ன பேர் என்று அவர் கேட்கவில்லை. தையல்காரி மகளைத் தூக்கிக்கொண்டாள். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாடிக் கதவு சாத்தியிருந்தது, கீழே பேசுவது அங்கே கேட்க வழியே இல்லை. டாக்டர் பேனாவை மூடிப் பையில் வைக்கும்வரை மேலே ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஈரத்துணி மறுபடியும் உதறப்பட்டது.

மாடியக்கா இன்னும் எங்களிடம்தான் இருக்கிறாள். வேலை முன்பைவிடச் சீக்கிரம் முடிகிறது. வாயைத் திறப்பதில்லை. புதிதாக வரும் அம்மாக்கள், மேலே இருப்பவளுக்கும் காது கேட்காதா என்று என்னைக் கேட்கிறார்கள்.

"நல்லாக் கேக்கும்" என்கிறேன்.